புழு மருந்துக்குப் பழகுவதில்லை

"மருந்துக்குப் புழு பழகிடுச்சு." பருத்திக் காட்டிலும் மருந்துக் கடை வாசலிலும் இந்தப் பேச்சு அடிபடாமல் ஒரு பட்டம் கழிவதில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாம் காரத்துக்குப் பழகுகிறோம், வெயிலுக்குப் பழகுகிறோம், புழு மட்டும் பழகாதா? ஆனால் சொல் தப்பு. நோயின் பெயரே தப்பானால் வைத்தியமும் தப்பாகும். "பழகிவிட்டது" என்று நினைப்பவர் கை அடுத்து அளவைத்தான் கூட்டும். டேங்குக்கு 20 மில்லி ஊற்றிய இடத்தில் 40 ஊற்றுவார். அது ஏன் நிலைமையை மோசமாக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பரிணாமம் என்ற பெரிய சொல்லை டைனோசர் படங்களிலிருந்து இறக்கி, ஒரு பருத்திக் காய்க்குள் வைத்துப் பார்க்க வேண்டும்.

விஷம் பட்டு எந்தப் புழுவும் தன் ஆயுளுக்குள் திருந்திக்கொள்வதில்லை. நச்சை முறிக்கும் நொதி உடம்பில் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். விஷம் காட்டுக்கு வருவதற்கு முன்பே, கோடியில் சில புழுக்கள் அதைத் தாங்கும்படி தற்செயலாகப் பிறந்திருக்கின்றன. விஷம் மற்றவற்றைக் கொல்கிறது, இவை மிஞ்சுகின்றன, இவற்றின் பிள்ளைகள் காட்டை நிரப்புகின்றன.

"முன்பே" என்று எப்படிச் சொல்கிறோம்? இதற்கு 1952-ல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி செய்த சோதனை ஒன்று இருக்கிறது. இத்தனை எளிய கருவியை வைத்து இத்தனை பெரிய கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் குறைவு. கருவி ஒரு வெல்வெட் துணி. ஒரு தட்டில் பாக்டீரியாக்களைப் பரப்பி வளர்க்கிறார்கள். அந்தத் தட்டில் மருந்து கிடையாது. உருளைக் கட்டையின் முகத்தில் கிருமி நீக்கிய வெல்வெட்டைப் போர்த்தி, தட்டை அதன்மேல் கவிழ்த்து அழுத்துகிறார்கள். துணியின் மயிர்நுனிகளில் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்கின்றன. அதே துணியை ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த புதுத் தட்டுகளில் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி பதிக்கிறார்கள். மருந்துத் தட்டுகளில் கிட்டத்தட்ட எல்லாம் செத்துப் போகிறது. ஓரிரண்டு புள்ளிகளில் மட்டும் வளர்ச்சி. ஒவ்வொரு நகல் தட்டிலும் அந்தப் புள்ளிகள் அதே இடத்தில் இருக்கின்றன. மருந்து பட்ட பிறகு பழகியிருந்தால் தட்டுக்குத் தட்டு இடம் மாறியிருக்க வேண்டும். இப்போது மூலத் தட்டுக்குத் திரும்பி, மருந்தின் வாடையே படாத அந்த இடத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்து, மறுபடி மறுபடி இப்படியே பொறுக்கி வளர்த்துப் பார்த்தால், மருந்தைத் தாங்கும் வம்சம் கிடைக்கிறது. அந்த வம்சத்தின் மூதாதைகள் ஒரு நாளும் மருந்தைப் பார்த்ததில்லை.

பாக்டீரியாவை விட்டுக் காட்டுக்கு வருவோம். இளஞ்சிவப்பு காய்ப்புழுவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பூச்சி, ஒரே விஷம், மூன்று நாடுகள், மூன்று வெவ்வேறு முடிவுகள். இப்படி ஒரு பாடம் தேடினாலும் கிடைக்காது.

முதலில் பூச்சியைப் பார்த்துவிடலாம். பத்துப் பதினைந்து நாள் வயதான பச்சைக் காயின் அடியில், புல்லி இதழின் மறைவில் தாய் அந்துப்பூச்சி முட்டையிடும். நாலைந்து நாளில் குஞ்சுப்புழு வெளிவந்து நேரே காயைத் துளைக்கும். நுழைந்த ஓட்டை ஊசிமுனை அளவுதான், அதுவும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் காய் லட்சணமாக இருக்கும். கத்தியால் பிளந்தால்தான் கதை தெரியும்: காயின் உள்தோலில் நெளிந்து போகும் மெல்லிய சுரங்கக் கோடு, சிறு பரு மாதிரித் தடிப்பு, கறைபடிந்த பஞ்சு, குடைந்த விதை. சின்னப் புழு வெள்ளையாக, தலை மட்டும் கறுப்பாக இருக்கும். இளஞ்சிவப்புப் பட்டைகள் பிந்திய பருவத்தில்தான் வரும். நிறத்தை மட்டும் தேடிவிட்டு "நம்ம காட்டில் இல்லை" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இதனால். பூவில் வந்தால் அடையாளம் சுலபம். இதழ்களை நூலால் ஒட்டித் தைத்துவிடும், விரியாத ரோஜா மொட்டு மாதிரிப் பூ நிற்கும். முட்டையிலிருந்து அந்துப்பூச்சி ஆகும்வரை சுமார் ஒரு மாதம். ஆகவே ஒரு பட்டத்தில் நாலைந்து தலைமுறை ஓடிவிடும். பரிணாமத்தை எண்ணும் அலகு தலைமுறைதான், வருஷம் இல்லை.

பி.டி. பருத்தியில் இருப்பது பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் புரத நஞ்சு. புழு செடியைத் தின்னும்போது நஞ்சு குடலுக்குள் போகிறது. குடல் சுவரில் கேடரின் என்றொரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். நஞ்சு அதைப் பிடித்துக்கொண்டு செல் சவ்வில் ஓட்டை போடுகிறது, குடல் கிழிந்து புழு சாகிறது. கேடரினைப் பூட்டு என்றால் நஞ்சு சாவி. பூட்டு கெட்டுப்போன புழுவுக்குச் சாவி ஒன்றும் செய்யாது. கேடரின் மரபணு எப்படிக் கெட்டாலும் சரி, பலன் ஒன்றுதான். இந்தியக் காடுகளில் பிடித்த எதிர்ப்புப் புழுக்களை ஆராய்ந்தபோது அந்த ஒரே மரபணு எட்டு வெவ்வேறு விதமாகச் சிதைந்திருந்தது. யாரோ ஒரு புழு 'கண்டுபிடித்து' மற்றவற்றுக்குக் கற்றுக்கொடுத்த தந்திரம் இல்லை இது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஏற்கெனவே உடைந்து கிடந்த பலவகைப் பூட்டுகளைத்தான் விஷம் சலித்து எடுத்தது.

இந்தியாவில் ஒற்றை நஞ்சு உள்ள பி.டி. பருத்திக்கு 2002-ல் அனுமதி. இரட்டை நஞ்சு 2006-ல் வந்தது. முதல் நஞ்சைத் தாங்கும் புழு குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் 2008-ல் சேகரித்த மாதிரிகளில் தென்பட்டு, 2010-ல் பகிரங்கமானது. 2014-15 வாக்கில் இரட்டை நஞ்சையும் தாண்டிவிட்டது. 2017-ல் மகாராஷ்டிரத்தில் பெரும் சேதம்.

இனி கணக்கு. உடைந்த பூட்டை 'உ' என்றும் நல்ல பூட்டை 'ந' என்றும் வைப்போம். ஒவ்வொரு புழுவுக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள். ஒன்றாவது 'ந'-வாக இருந்தால் நஞ்சு ஒட்டிக்கொள்ளும், புழு சாகும். இரண்டும் 'உ' ஆனால்தான் தப்பிக்கும். பாடப்புத்தகம் இதை ஒடுங்கு பண்பு என்கிறது. கூட்டத்தில் நூற்றில் ஒரு பிரதி 'உ' என்று கொள்வோம். உஉ புழு பத்தாயிரத்தில் ஒன்றுதான் இருக்கும். பி.டி. காட்டில் 1,00,000 புழு இருந்தால் தப்புவது 10. சுமார் 1,980 புழுக்களில் ஒரு பிரதி 'உ' ஒளிந்திருக்கும், ஆனால் அவையும் செத்துப்போகும்.

சுற்றிலும் பி.டி. மட்டுமே என்றால் அந்தப் பத்தும் தங்களுக்குள்தான் கூடும். பிள்ளைகள் அத்தனையும் உஉ. ஒரே தலைமுறையில் 'உ'-வின் பங்கு நூற்றுக்கு ஒன்றிலிருந்து நூற்றுக்கு நூறு. பத்து பூச்சிதானே என்று எண்ண வேண்டாம், ஒரு தாய் நூற்றுக்கு மேல் முட்டையிடும்.

பக்கத்திலேயே கொஞ்சம் நான்-பி.டி. பருத்தி இருந்து, அதில் 5,000 புழு நிம்மதியாக வளர்ந்தால்? இப்போது 10 உஉ பூச்சிக்கு எதிரே 5,000 சாதாரணப் பூச்சி. உஉ-வுக்கு அமையும் ஜோடி அநேகமாக நந-தான். பிள்ளைகள் உந, அவை மறுபடி பி.டி.யில் விழுந்து சாகும். கூட்டிப் பார்த்தால் 10,020 பிரதிகளில் 120 மட்டும் 'உ'. நூற்றுக்கு 1-லிருந்து 1.2. புழுவை வளர்த்துப் புழுவைத் தடுப்பது என்பது கேட்க விபரீதமாக இருக்கும், ஆனால் புகலிடப் பயிரின் முழுத் தத்துவமும் இந்த ஒரு பெருக்கல் கணக்குதான். ஒன்றை மறைக்கக் கூடாது: புகலிடம் எதிர்ப்பை நிறுத்துவதில்லை, தள்ளிப்போடுகிறது. 1.2 அடுத்து இன்னும் கொஞ்சம் ஏறும். எவ்வளவு காலம் தள்ளிப்போகும் என்பது உந புழுக்கள் சாகின்றனவா என்பதைப் பொறுத்தது.

அங்கேதான் சூட்சுமம். நஞ்சின் அளவு குறைந்து, உந புழுவில் நூற்றுக்குப் பத்து பிழைத்துவிட்டால் 198 பூச்சிகள் கூடுதலாகச் சேரும். மற்றதெல்லாம் அப்படியே இருந்தும் 'உ'-வின் பங்கு 3-க்கு மேல் போகிறது. ஒரே தலைமுறையில் மூன்று மடங்கு. அடுத்த முறை லட்சத்துக்குத் தப்பும் உஉ புழு 14 அல்ல, 90-ஐத் தாண்டும்.

புகலிடம், உந புழுவையும் கொல்லும் அளவு நஞ்சு: எதிர்ப்பைத் தள்ளிப்போடும் ஏற்பாடு நிற்பது இந்த இரண்டு காலில்தான். இந்தியாவில் இரண்டும் ஒடிந்தன. 450 கிராம் பி.டி. விதைப் பாக்கெட்டோடு 120 கிராம் நான்-பி.டி. விதையும் சேர்த்துத் தந்தார்கள். பரப்பில் 20 சதவீதம் அல்லது சுற்றிலும் ஐந்து வரிசை, எது அதிகமோ அதை நட வேண்டும் என்பது விதி. பெரும்பாலானோர் நடவில்லை. விவசாயியைக் குறை சொல்வது சுலபம். ஆனால் இரண்டு ஏக்கர்க்காரரிடம் "ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு, பலன் ஊருக்கு" என்றால் யார் கேட்பார்கள்? பல சமயம் அந்தச் சின்னப் பாக்கெட்டில் வந்த ரகம் வேறு, பூக்கும் காலம் வேறு. இந்தப் பக்கம் உஉ பூச்சி பறக்கும் வாரத்தில் அந்தப் பக்கம் பூச்சியே வராவிட்டால் புகலிடம் இருந்தும் இல்லாததுதான். பிறகு நான்-பி.டி. விதையைப் பாக்கெட்டுக்குள்ளேயே கலந்து தரும் முறைக்கு மாறினார்கள். செடிக்குச் செடி அதிகம் அலையாத இந்தப் புழுவுக்கு அது சரியான யோசனை, வந்த காலம்தான் பிந்தியது.

பச்சைக் காய்ப்புழுவைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அதே காடு, அதே நஞ்சு, ஆனால் அந்தப் புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, வெண்டை என்று எதையும் தின்னும். ஊர் முழுக்க அதற்கு இயற்கையான புகலிடம். யாரும் திட்டமிடாமலே சாதாரணப் பூச்சிகள் வந்து கலந்துகொண்டே இருந்தன. இளஞ்சிவப்பு புழுவுக்கோ பருத்திதான் எல்லாம். வெண்டையைக் கொஞ்சம் தொடும், அவ்வளவே.

இன்னொரு கால் ஒடிந்த விதம் நுட்பமானது. இந்தியாவில் நடப்பது வீரிய ஒட்டு, அதாவது பி.டி. பெற்றோர் ஒன்றும் சாதாரணப் பெற்றோர் ஒன்றும் சேர்ந்த முதல் தலைமுறைச் செடி. செடி முழுக்க நஞ்சு இருக்கும். ஆனால் அதன் காய்க்குள் இருக்கும் விதை அடுத்த தலைமுறை. மெண்டல் கணக்குப்படி நாலில் ஒரு விதையில் அந்த நஞ்சு இருக்காது. புழு தின்பதோ விதையை. ஒரே காய்க்குள் நஞ்சுள்ள விதையும் இல்லாத விதையும் கலந்து கிடக்க, ஒன்றில் வாய் வைத்து இன்னொன்றுக்கு நகரும் புழுவுக்குக் கிடைப்பது அரைகுறை அளவு. நந சாகும், உந பிழைக்கும். மேலே பார்த்த 198 இங்கிருந்துதான் வருகிறது. போதாதற்கு 100, 110 நாளுக்கு மேல் செடியில் நஞ்சின் அளவும் இறங்குகிறது. நம் ஒட்டு ரகங்களோ 180 நாளுக்கு மேலும் காட்டில் நிற்பவை. புழு அதிகமாக வரும் பின்பருவத்தில் நஞ்சு குறைவாக இருப்பதைவிட எதிர்ப்பை வளர்க்க நல்ல ஏற்பாடு ஒன்றை யாராலும் செய்ய முடியாது.

இதே நாலில் ஒரு பங்கு சீனாவில் நேர்மாறாக வேலை செய்தது. யாங்சே சமவெளியில் எதிர்ப்புப் புழு தலைதூக்க ஆரம்பித்த சமயத்தில், விவசாயிகள் விலை மலிவென்று ஒட்டுப் பருத்தியின் இரண்டாம் தலைமுறை விதையை விதைத்தார்கள். நாலில் ஒரு விதையில் நஞ்சு இல்லை என்றேன் அல்லவா, அந்த விதை முளைத்தால் செடி முழுவதும் நஞ்சில்லாத செடி. காடெங்கும் கால்வாசிச் செடி புகலிடமாகிவிட்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, காசு மிச்சம் என்பதுதான் காரணம். எதிர்ப்புப் புழுக்களின் பங்கு ஏறுவது நின்றதோடு இறங்கவும் செய்தது. அங்கே நஞ்சில்லாத கால்பங்கு தனிச் செடியாக நின்றது, சாதாரணப் புழு முழுசாகப் பிழைத்தது. இங்கே அதே கால்பங்கு காய்க்குள் விதையாகச் சிதறியது, அரை எதிர்ப்புள்ள புழுவுக்குப் பள்ளிக்கூடமானது. 'சூழலுக்கு ஏற்பத் தகவமைதல்' என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். புழுவின் சூழல் என்பது காடா, செடியா, காயா என்று இறங்கிப் பார்க்காவிட்டால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இல்லை.

எதிர்ப்பு இறங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உடைந்த பூட்டு இலவசமாக வருவதில்லை. கேடரினுக்குப் புழுவின் உடம்பில் வேறு வேலை இருக்கிறது. நஞ்சில்லாத செடியில் உஉ புழு நந புழு அளவுக்குத் தேறுவதில்லை. விஷம் இருக்கும்வரைதான் அதற்கு ராஜாங்கம்.

அமெரிக்காவின் அரிசோனாவில் கதை வேறு. 1996-லிருந்து பி.டி. பருத்தி, புகலிடமும் ஒழுங்காக நட்டார்கள், பத்து வருஷம் எதிர்ப்பு ஏறவில்லை. 2006-லிருந்து வேறு உபாயம்: மலட்டுப் பூச்சி. தொழிற்கூடத்தில் புழு வளர்த்து, அந்துப்பூச்சியைக் கதிர்வீச்சால் மலடாக்கி, விமானத்திலிருந்து காட்டில் கொட்டினார்கள். அந்தத் திட்டத்தில் விட்ட பூச்சிகள் ஆயிரம் கோடிக்கு மேல். தப்பிய உஉ பூச்சிக்குப் புகலிடப் பூச்சி ஜோடியாவதற்குப் பதில் மலட்டுப் பூச்சி ஜோடி, பிள்ளையே கிடையாது. வளர்க்கும் தீவனத்தில் சிவப்புச் சாயம் கலந்துவிடுவார்கள். பொறியில் விழுந்த பூச்சியை நசுக்கினால் சிவப்பாக இருந்தால் அது தொழிற்கூடத்தில் வளர்த்து விட்டது, இல்லாவிட்டால் காட்டுப் பூச்சி. 2018 அக்டோபரில் அமெரிக்க நாட்டுப் பருத்திக் காடுகளிலிருந்து இந்தப் புழு ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

நமக்கு அந்த வசதி இல்லை. இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை சில உண்டு, எல்லாமே மேலே உள்ள கணக்கிலிருந்து வருபவை.

பூக்கும் பருவத்திலிருந்து ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி, பயிரின் உச்சிக்கு அரையடி மேலே. பொறிக்கு எட்டுப் பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் எச்சரிக்கை. அதோடு நிற்காமல் ஏக்கருக்கு 20 செடியில் செடிக்கொரு பச்சைக் காய் பறித்துப் பிளந்து பாருங்கள். இரண்டில் புழுவோ சுரங்கமோ இருந்தால் மருந்து அடிக்கும் கட்டம் வந்துவிட்டது. ஒன்றுகூட இல்லாதபோது "எதற்கும் இருக்கட்டும்" என்று அடிப்பது, கணக்கில் சாதாரணப் பூச்சிகளைக் குறைத்து உஉ-வுக்கு வழிவிடுவதுதான்.

மருந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடையில் மாறுவது பெரும்பாலும் டப்பாவின் நிறம்தான். பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டு, கீழே பொடி எழுத்தில் உள்ள டெக்னிக்கல் பெயரைப் படியுங்கள். சைபர்மெத்ரின், லேம்டா சைஹாலோத்ரின், ஃபென்வலரேட் மூன்றும் பைரித்ராய்டு என்ற ஒரே இனம், நரம்பில் ஒரே இடத்தைத் தாக்குபவை. புரோஃபெனோஃபாஸ், குயினால்ஃபாஸ், குளோர்பைரிஃபாஸ் இன்னொரு இனம். தயோடிகார்ப் வேறு குடும்பமாகத் தோன்றினாலும் குறிவைப்பது புரோஃபெனோஃபாஸ் தாக்கும் அதே நொதியைத்தான். இவற்றுக்குள் மாறுவது ஒரே பூட்டுக்கு வேறு கம்பெனி சாவி வாங்குவது மாதிரி. இமாமெக்டின் பென்சோயேட், இண்டாக்சாகார்ப் போன்றவை தாக்குமிடம் வேறு. மாற்றவேண்டிய இடைவெளியும் தெளிப்புக்குத் தெளிப்பு இல்லை, தலைமுறைக்குத் தலைமுறை. ஒரு மாதத்துக்கு ஓர் இனம், அடுத்த மாதம் அதன் பக்கமே போகக் கூடாது. அளவைக் கூட்டினால் உந சாகும் என்பது காகிதத்தில் சரி. காட்டில் இலையடியிலும் காய்க்குள்ளும் மருந்து சமமாகப் போய்ச் சேர்வதில்லை. கூடுதல் அளவில் நிச்சயமாகச் சாவது சிலந்தியும் பொறிவண்டும். பைரித்ராய்டு மருந்தை முன்பருவத்திலேயே அடித்தால் வெள்ளை ஈ பெருகுவது தனித் தலைவலி.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது செலவே இல்லாத ஒன்று: காட்டைக் காலத்தில் முடிப்பது. கடைசிப் புழு அந்துப்பூச்சியாகாமல், இரண்டு விதையை நூலால் ஒட்டவைத்து அதற்குள் மாதக்கணக்கில் உறங்கும். காட்டில் விட்ட சுருங்கிய காய், வரப்பில் அடுக்கிய பருத்தி மார் (காய்ந்த செடித் தண்டு), பஞ்சையும் விதையையும் பிரிக்கும் ஜின்னிங் மில் வாசலில் குவிந்த விதை, மூன்றும் அதற்கு வீடு. "இன்னும் ஒரு எடுப்பு வரும்" என்று நீட்டிக்கும் ஒவ்வொரு மாதமும், நஞ்சு குறைந்த செடியில் புழுவுக்கு ஒரு தலைமுறை கூடுதல். தமிழ்நாட்டில் இதில் கூடுதல் சிக்கல் இருக்கிறது. சேலம், பெரம்பலூர் பக்கம் ஆவணிப் பட்டத்துப் பருத்தி முடியும் நேரத்தில் டெல்டாவில் நெல் அறுத்த வயலில் கோடைப் பருத்தி விதைத்திருப்பார்கள். புழுவுக்கு எங்காவது ஓர் இடத்தில் எப்போதும் காய் இருக்கிறது. ஊர்க்காடு முடிந்ததும் மாரைப் பிடுங்கி, ஆடு மாட்டை விட்டு மிச்சக் காயைத் தின்னவைத்து, அடுப்புக்கென்று அடுக்கி வைக்கும் மாரையும் கோடை விதைப்புக்கு முன் எரித்துத் தீர்த்துவிட வேண்டும். ஜின்னிங் மில் உள்ள ஊரானால் பருவம் முடிந்த பிறகும் மில் வளாகத்தில் இரண்டு பொறியைத் தொங்கவிடுங்கள். ஆளில்லாக் காட்டில் ஒன்றும் விழாத வாரத்தில்கூட அங்கே பூச்சி விழும்.